10 மீட்டருக்கு வெளியே: ஆசைக்குச் சுடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பன்னிரண்டு வருடமாக 10 மீட்டர் ஏர் ரைஃபிள் சுடுகிறேன். வாரத்தில் ஐந்து நாள் அதே தடித்த ஜாக்கெட், அதே நிலை, நடுவில் அரை மில்லிமீட்டருக்கு இருக்கும் அதே வெள்ளைப் புள்ளி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் எனக்குப் பிடித்ததை எடுத்துச் சுடுவேன். அதில் முதலிடம் மரக்கட்டை வைத்த ஒரு பழைய ஸ்பிரிங் ஏர் கன்னுக்கு, குழலை மடக்கி லோடு செய்கிற வகை. அடுத்தது கிளப்பில் இருக்கும், வெடிமருந்துத் தோட்டா போட்டுச் சுடும் .22 ரைஃபிள். எப்போதாவது டிராப் ரேஞ்சுக்கு, அதாவது பறக்கும் தட்டைச் சுடும் இடத்துக்குப் போக வாய்த்தால் 12 போர் ஷாட்கன்.

புதிதாக வருபவரை நாங்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துக்கொள்வோம், அதனால் அவர் பெரிய தவறு எதுவும் செய்வதில்லை. பல வருடம் ஒரே துப்பாக்கியில் ஊறியவர் வேறொன்றைக் கையில் எடுக்கும்போதுதான் எனக்குப் பயம். கை தானாக ஒன்றைச் செய்துவிடும். அவருடைய ரைஃபிளில் அது சரியான பழக்கம், இந்தத் துப்பாக்கியில் அதுவே தவறு. நானும் அப்படிச் செய்தவன்தான்.

ஸ்பிரிங் ஏர் கன்னை முதல் முறை சுட்ட அன்று, 10 மீட்டரில் என் பெல்லட்டுகள் உள்ளங்கை அகலத்துக்குச் சிதறின. துப்பாக்கி கெட்டுப்போயிருக்கிறது என்றே நினைத்தேன். போட்டி ரைஃபிளைப் பிடிப்பதுபோலத் தோளோடு இறுக்கி, கன்னத்தை அழுத்தி வைத்துச் சுட்டிருந்தேன். அங்கேதான் கோளாறு. போட்டி ரைஃபிளில் சிலிண்டரில் அடைத்த காற்று பெல்லட்டைத் தள்ளுகிறது, அதிர்வு அநேகமாக இல்லை. ஸ்பிரிங் வகையில் விசையை இழுத்ததும் கனமான பிஸ்டன் ஒன்று முன்னால் பாய்கிறது. துப்பாக்கி முதலில் பின்னால் உதைக்கும். பிஸ்டன் முனையில் போய் நின்றதும் முன்னால் குதிக்கும். இந்த ஆட்டம் தொடங்கும்போது பெல்லட் இன்னும் குழலுக்குள்ளேதான் இருக்கிறது. இறுக்கிப் பிடித்தால் ஒவ்வொரு முறையும் அழுத்தம் கொஞ்சம் மாறும், அதற்கேற்பக் குழல் குதிக்கும் திசையும் மாறும். முன்கட்டையைத் திறந்த உள்ளங்கையில் சும்மா கிடத்தி, தோளில் லேசாகத் தொட வைத்து, அது தன் போக்கில் குதித்து அடங்கும்வரை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மறுவாரம் அப்படிச் சுட்டபோது ஐந்து பெல்லட்டும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் விழுந்தன. அன்றிலிருந்துதான் அந்தத் துப்பாக்கி மேல் எனக்கு இவ்வளவு பிரியம்.

இந்த இரட்டை உதையால் குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்புக்கும் கேடு. சாதாரண ரைஃபிள் ஸ்கோப் பின்னுதையைத் தாங்கும்படி செய்தது. முன்னால் குதிப்பதைத் தாங்காமல் உள்ளே கண்ணாடி நகர்ந்துவிடும். ஸ்பிரிங் ஏர் கன்னுக்கென்று செய்த ஸ்கோப்பையே வாங்குங்கள்.

அடுத்த தவறை ஏர் ரைஃபிள்காரர்கள் எல்லோருமே செய்வார்கள். பெல்லட் போடாமல் சுட்டுப் பழகுவது, அதாவது டிரை ஃபயர். எங்கள் விளையாட்டில் அது அன்றாடச் சாப்பாடு மாதிரி. போட்டி ரைஃபிள்களில் அதற்கென்றே தனி அமைப்பு உண்டு, ஒரு நாளைக்கு நூறு முறைகூட வெறுமனே இழுப்போம். அதே கை ஸ்பிரிங் துப்பாக்கியில் அதைச் செய்தால் பிஸ்டன் முனையில் ஓங்கி இடிக்கும். பெல்லட் இருந்தால் பிஸ்டனுக்கு முன்னால் அழுத்தப்படும் காற்றே மெத்தை மாதிரி தாங்கும். பெல்லட் இல்லாவிட்டால் மெத்தையும் இல்லை. சில நாளில் பிஸ்டனின் சீல் கிழியும், பிறகு ஸ்பிரிங் உடையும்.

.22-ல் காரணம் வேறு. அந்தத் தோட்டாவில் தீப்பற்ற வைக்கும் மருந்து அடிப்பாகத்தின் விளிம்பில் இருக்கிறது, ஃபயரிங் பின் அந்த விளிம்பைத்தான் அடிக்கும். தோட்டா இல்லையென்றால் பல துப்பாக்கிகளில் பின் நேராக, தோட்டா உட்காரும் அறையான சேம்பரின் ஓரத்தில் மோதி அங்கே பள்ளம் விழும். அப்புறம் தோட்டா சரியாக உட்காராது, வெளியே வரவும் மக்கர் பண்ணும். வெறுமனே இழுத்தாலும் ஒன்றும் ஆகாது என்று கையேட்டில் எழுதியிருக்கும் மாடல்களும் இருக்கின்றன. அப்படி எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு இழுங்கள், இல்லையென்றால் போலித் தோட்டா போட்டுப் பழகுங்கள்.

எண்ணெய் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஏர் கன் கரகரவென்று சத்தம் போட்டால், காற்றுத் துளையில் நாலு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெயோ தேங்காய் எண்ணெயோ விடுவது நம் ஊர்ப் பழக்கம். விட்டதும் முதல் சில ஷாட் 'டமார்' என்று வெடித்து முனையில் புகை வரும். பவர் கூடிவிட்டது என்று சந்தோஷப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். உண்மையில் அது டீசல் இஞ்சினில் நடப்பதுதான். பிஸ்டன் காற்றைச் சட்டென்று அழுத்தும்போது வரும் சூட்டில் எண்ணெய் உள்ளே எரிகிறது. ஒவ்வொரு ஷாட்டும் ஒவ்வொரு வேகத்தில் போகும். சீல் கருகும், ஸ்பிரிங்கும் போய்விடும். அழுத்த அறைக்குள் அதற்கென்று விற்கும் சிலிகோன் எண்ணெயை மட்டும், அதுவும் எப்போதாவது ஒரு சொட்டு விட்டால் போதும். மடக்கும் மூட்டுக்கு வேண்டுமானால் சாதாரண எண்ணெய் போடலாம்.

லோடு செய்யும்போது மடக்கிய குழலை ஒரு கையால் விடாமல் பிடித்திருங்கள். தாழ் நழுவினால் குழல் ஓங்கி மேலே அடிக்கும், விரல் நடுவில் இருந்தால் எலும்பு தப்பாது.

பெல்லட்டையும் மாற்ற வேண்டும். நாங்கள் போட்டியில் போடுவது தட்டைத் தலை பெல்லட். காகிதத்தில் வட்டமாக ஓட்டை போடும், புள்ளி எண்ண வசதி. 10 மீட்டரில் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. அதே டப்பாவை எடுத்துப்போய் 30, 40 மீட்டரில் தகர டப்பாவைக் குறிவைத்தால் வேகம் சீக்கிரம் குறைந்து இஷ்டத்துக்கு அலையும். தூரத்துக்கு உருண்டைத் தலை பெல்லட்தான் சரி. இரும்பு பிபி குண்டை மட்டும் இந்தக் குழல்களில் போடவே போடாதீர்கள். உள்ளே இருக்கும் மரைகளைத் தேய்த்துவிடும், கடினமான இடத்தில் பட்டால் நேராக உங்கள் முகத்துக்கே திரும்பி வரும். 10 மீட்டர் ஹாலில் நாங்கள் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுப் பழகியதில்லை. வெளியில் சுடும்போது கண்ணாடி கட்டாயம்.

இனி .22. உயிர் போகக்கூடிய தவறுகள் இங்கேதான் வருகின்றன, அதனால் நிதானமாகப் படியுங்கள்.

ஏர் ரைஃபிள் ஒரு நேரத்தில் ஒரு பெல்லட். சுட்டால் காலி. இந்த எண்ணம் மூளையில் உறைந்துபோயிருக்கும். செமி ஆட்டோமேட்டிக் .22-ல் ஒன்றைச் சுட்டதும் அடுத்தது தானாக சேம்பரில் ஏறி நிற்கிறது. தோட்டாக்களை அடுக்கி வைக்கும் மேகசினைக் கழற்றினாலும் சேம்பரில் இருப்பது அங்கேயேதான் இருக்கும். முதலில் மேகசினைக் கழற்றுங்கள், பிறகு சேம்பரை மூடியிருக்கும் போல்ட்டை இழுத்து உள்ளே இருப்பதை வெளியே எடுங்கள், கண்ணால் பாருங்கள், சுண்டுவிரலை விட்டுத் தொட்டும் பாருங்கள். இந்த வரிசை மாறக் கூடாது. போல்ட்டை முதலில் இழுத்துவிட்டு மேகசினை அப்புறம் கழற்றினால், காலி என்று நீங்கள் நம்பும் துப்பாக்கிக்குள் ஒரு தோட்டா ஏறியிருக்கும். போட்டியில் குழலுக்குள் செருகும் பாதுகாப்புக் கொடியை ஆசைக்குச் சுடும் அன்றும் செருகுங்கள்.

விசையை இழுத்தீர்கள், 'டிக்' என்று மட்டும் கேட்டது, வெடிக்கவில்லை. ஏர் ரைஃபிள்காரர் உடனே திறந்து பார்ப்பார், அவருடைய ரைஃபிளில் அதனால் ஆபத்து ஒன்றும் இல்லை. .22-ல் மருந்து தாமதமாகப் பற்றலாம். முனையைக் குறியை நோக்கி வைத்தபடியே முப்பது விநாடி அசையாமல் இருங்கள், பிறகு திறங்கள். அதேபோல, வழக்கமான சத்தம் வராமல் 'புஸ்' என்று மெலிதாக வந்தால் அடுத்ததைச் சுடாதீர்கள். குண்டு குழலுக்குள்ளேயே சிக்கியிருக்கலாம். துப்பாக்கியை முழுக்கக் காலி செய்துவிட்டுக் குழலைப் பரிசோதித்த பிறகுதான் மறுபடி தொட வேண்டும்.

தூரத்தைப் பற்றி எங்களுக்கு இருக்கும் கணக்கும் தப்பு. 10 மீட்டர் ஹாலில் குண்டு இரும்புப் பெட்டிக்குள் விழுந்துவிடுகிறது, அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று யோசித்ததே கிடையாது. .22 குண்டு சிறிதாக இருப்பதால் பொம்மைபோலத் தோன்றும். ஆனால் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடியது. பாறையிலோ தண்ணீரிலோ சாய்வாகப் பட்டால் தட்டாங்கல் மாதிரி எகிறிப்போய் எங்கே விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. குளக்கரையில் டப்பா வைத்துச் சுடலாமா என்று ஒரு பையன் கேட்டான். கூடவே கூடாது. பின்னால் உயரமான மண்மேடு உள்ள அங்கீகரிக்கப்பட்ட ரேஞ்சில் மட்டும்தான். காதுக்கும் பாதுகாப்பு வேண்டும். .22-ன் சத்தம் சின்னதாகத் தெரிந்தாலும் 140 டெசிபெல்லை ஒட்டி வரும், போன காது திரும்பி வராது.

விசையைப் பற்றி ஒரு வார்த்தை. ஏர் ரைஃபிளில் விசைக்குக் குறைந்தபட்ச எடை என்று விதி இல்லை, நூறு கிராமுக்கும் கீழே வைத்துச் சுடுகிறவர்கள் உண்டு. ஏர் பிஸ்டலுக்கு 500 கிராம், 25 மீட்டர் பிஸ்டலுக்கு 1000 கிராம். கடையில் வாங்கும் சாதாரணத் துப்பாக்கியில் இதைவிடவும் கூடுதலாக இருக்கும், எங்கள் விரலுக்கு அது கல்லை இழுப்பதுபோல. உடனே ஸ்பிரிங்கை வெட்டியோ உள்ளே அரத்தைப் போட்டோ மெலிதாக்கத் தோன்றும். செய்யாதீர்கள். உள்ளே விசையின் பிடிமானம் குறைந்த துப்பாக்கி கீழே தட்டினாலே வெடிக்கும். கனமான விசையை நேராக, ஒரே சீராக இழுக்கக் கற்றுக்கொள்வது நல்ல பயிற்சி. எனக்கு அது போட்டியிலும் உதவியிருக்கிறது.

சட்டம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் ஆயுத விதிகள் 2016-ன்படி, குழல் அளவு .177 அங்குலத்துக்கு மேல் போகாமலும் சக்தி 20 ஜூலுக்கு மேல் போகாமலும் இருந்தால்தான் ஏர் கன்னுக்கு லைசென்ஸ் தேவையில்லை. .22 ஏர் கன்னும் ஏர் கன்தானே என்று ஆன்லைனில் வாங்குவது, கனமான ஸ்பிரிங் போட்டு பவர் ஏற்றுவது, இரண்டும் உங்களை லைசென்ஸ் எல்லைக்குள் கொண்டுபோய் நிறுத்தும். லைசென்ஸ் இல்லாமல் வாங்கலாம் என்பதற்காக மொட்டைமாடியில் சுடலாம் என்று ஆகிவிடாது. பறவைகள்மேல் குறிவைப்பது அதைவிட மோசம். மைனா, கொக்கு எல்லாம் 1972-ம் ஆண்டுக் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருகின்றன. அருணாச்சலப் பிரதேசத்தில் பறவைகள் அழிவதைப் பார்த்து, மக்கள் ஏர் கன்களைத் தாமாகவே ஒப்படைக்கும் இயக்கத்தை 2021-ல் தொடங்கினார்கள். டப்பா, காகிதம், ரேஞ்சில் ஆடி விழும் இரும்புத் தட்டு, இவையே நமக்குப் போதும்.

12 போருக்கு வருவோம். பாரிஸ் 2024 ஒலிம்பிக்கில் புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் டிராப் சுட்ட பிறகு, எங்கள் ரைஃபிள் பிள்ளைகள் பலருக்கு அதன்மேல் ஆசை வந்துவிட்டது. போனவர்கள் எல்லோரும் முதல் நாள் ஒரே தப்பைச் செய்தார்கள்: குறி பார்த்தார்கள். தட்டின் குறுக்களவு வெறும் 110 மில்லிமீட்டர், 15 மீட்டர் முன்னாலிருந்து கிளம்பி எந்தப் பக்கம் போகும் என்று தெரியாமல் பறக்கும். ரைஃபிள்காரர் குழல் முனையில் உள்ள மணியைத் தேடுவார், கண் அங்கே போனதும் குழல் நின்றுவிடும், தட்டு போயே போய்விடும். கண் தட்டை விட்டு அகலக் கூடாது. குழல் தட்டோடு ஓட வேண்டும், விசையை இழுத்த பிறகும் ஓட்டம் நிற்கக் கூடாது. ஒரு கண்ணை மறைத்துச் சுட்டுப் பழகிய நாம் இங்கே இரண்டு கண்ணையும் திறந்து வைக்க வேண்டும். வலது தோளில் சுடுகிறவருக்கு இடது கண் வலுவாக இருந்தால் எல்லாமே தள்ளித் தள்ளிப் போகும், அதை முதல் நாளே பயிற்சியாளரிடம் பார்க்கச் சொல்லுங்கள். நிற்பதும் நேர்மாறு. ரைஃபிளின் எடையைத் தாங்க நாங்கள் பின்னால் சாய்ந்து நிற்போம். இங்கே அப்படி நின்றால் உதை உங்களைத் தள்ளிவிடும். எடை முன்காலில் இருக்கட்டும்.

இன்னொன்று, 12 போரும் 20 போரும் ஒரே பையில் கலக்கவே கூடாது. எண் கூடினாலும் 20 போர் தோட்டா 12 போரைவிட ஒல்லி, அதனால் 12 போர் குழலுக்குள் நழுவி முன்னால் போய்ச் சிக்கிக்கொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் சேம்பர் காலியாகத் தெரியும். அதன்மேல் 12 போரைப் போட்டுச் சுட்டால் குழல் வெடித்துக் கையே போய்விடும். 20 போர் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்வதே இதற்காகத்தான். இரவல் கோட்டு போட்டுக்கொள்கிறீர்களென்றால் முதலில் அதன் பாக்கெட்டுகளைக் காலி செய்துவிடுங்கள்.

சுட்டு முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் வடையில் கை வைக்காதீர்கள், பெல்லட், குண்டு எல்லாம் ஈயம்.

கடைசியாக, எப்போது நிறுத்துவது என்பது. மாநிலப் போட்டிக்கு மூன்று நாள் முன்பு ஆசையாக நூறு தட்டு சுட்டுவிட்டு வந்தேன். போட்டியன்று விசையைத் தொடும்போதெல்லாம் தோள் தானாக இறுகியது. உதையே இல்லாத ரைஃபிளில், வராத உதைக்கு உடம்பு பயந்தது. இப்போது போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே 12 போரையும் .22-ஐயும் விட்டுவிடுவேன், கடைசி வாரம் ஸ்பிரிங் துப்பாக்கியும் பெட்டிக்குள் போய்விடும். போட்டி முடிந்து வரும் ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாடு ஆனதும், முதல் வேலையாக அந்தப் பெட்டியைத் திறப்பேன்.