பத்து கிலோமீட்டர் வேகத்தில் நிஞ்ஜா: வடசென்னையில் முதல் 300 சிசி வண்டி

திருவொற்றியூரில் வீடு, பாரிமுனையில் வேலை. துறைமுகத்துக்கு வரும் சரக்குக்கு கஸ்டம்ஸ் பேப்பர் போடும் ஆபீஸ். பத்து கிலோமீட்டர் சொச்சம் தூரத்தில் பாதி, கன்டெய்னர் டிரெய்லர்களோடுதான் போக வேண்டும். இந்த ரோட்டில் நாலு வருஷமாக கவாசாகி நிஞ்ஜா 300 ஓட்டுகிறேன். என் உயரம் 5 அடி 2 அங்குலம். அதற்கு முன்னால் ஆக்டிவா, நடுவில் கொஞ்ச நாள் தம்பியின் பழைய பல்சர், அவ்வளவுதான் என் அனுபவம்.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். திருவொற்றியூரில் 1950களில் ஆரம்பித்த என்ஃபீல்டு ஃபேக்டரியில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். வண்டியை முதல் நாள் பார்த்ததும், "புல்லட்டு பொறந்த ஊர்ல இன்னாத்துக்குமா இந்தப் பச்சைக்கிளி?" என்றார். அடுத்து எல்லாரும் கேட்கும் கேள்வியையும் கேட்டார்: "இந்த ரோட்ல எவ்ளோ ஸ்பீடு போவப் போற?"

பத்து. பெரும்பாலும் பத்துதான். புதிதாக 300 சிசி எடுப்பவர்கள் நூறில் எப்படி வளைப்பது என்று வீடியோ பார்க்கிறார்கள். தண்டையார்பேட்டையில் வண்டி சாய்வது நூறில் இல்லை, பத்தில்தான். அதனால், முதல் தடவையாக 300 சிசி எடுப்பவர்களுக்கு எழுதும் இந்தக் குறிப்பில் மெதுவாக ஓட்டுவது பற்றித்தான் அதிகம் இருக்கும்.

எந்த வண்டி

கால் எட்ட வேண்டும், அது முதல் கணக்கு. நிஞ்ஜா 300 சீட் உயரம் 780 மில்லிமீட்டர். டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310 நம்ம ஓசூர் தயாரிப்பு, நல்ல வண்டி, ஆனால் சீட் 810. யமஹா ஆர்15 வெறும் 155 சிசி, அதன் சீட் 815. சிசி குறைந்தால் உயரமும் குறையும் என்று நினைத்துக்கொண்டு ஷோரூமுக்குப் போய் நுனிவிரலில் தொங்கிய ஆள் நான். யமஹா ஆர்3 சீட்டும் 780தான், கிடைத்தால் பாருங்கள். என் உயரத்துக்கு நிஞ்ஜாவில் ரெண்டு காலின் முன்பாதமும் ஊன்றும், ஒரு பக்கம் நகர்ந்து உட்கார்ந்தால் ஒரு கால் முழுசாக ஊன்றும். அது போதும்.

இரண்டாவது, இன்ஜினின் குணம். 296 சிசி, ரெண்டு சிலிண்டர், 39 பிஎஸ். அந்த 39ம் 11,000 ஆர்பிஎம்மில்தான் (நிமிஷத்துக்கு இன்ஜின் சுற்றும் சுற்று) வரும். 6,000க்குக் கீழே வண்டி சாது. ஆக்சிலேட்டரைத் தெரியாமல் கொஞ்சம் கூடுதலாக முறுக்கிவிட்டாலும் தூக்கி எறியாது, புதியவருக்கு அதைவிட என்ன வேண்டும்? எட்டாயிரம் தாண்டினால் சத்தம் மாறும், இழுவை மாறும். முதல் மாதம் ஊசி ஏழாயிரத்தைத் தாண்ட வேண்டாம்.

எடை 179 கிலோ. ஆக்டிவாவோடு ஒப்பிட்டால் மேலே இன்னொரு ஆளை ஏற்றிய கணக்கு. ஓடும்போது தெரியாது. தெருமுனையில் தள்ளித் திருப்பும்போது தெரியும்.

பணக் கணக்கிலும் 350 சிசி ஒரு கோடு. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரை ஜிஎஸ்டி 18 சதவீதம், அதைத் தாண்டினால் 40. மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸும் அப்படித்தான்: 2022 ஜூனில் வந்த பட்டியல்படி 150க்கு மேல் 350 வரை வருஷத்துக்கு ரூ.1,366, அதற்கு மேல் ரூ.2,804. ஓட்டுவதற்குத் தனி லைசென்ஸ் எதுவும் கிடையாது. கியர் வண்டி லைசென்ஸ் இருந்தால் நூறு சிசியும் ஓட்டலாம், ஆயிரமும் ஓட்டலாம். இது எனக்கு உடன்பாடில்லாத சட்டம்தான், ஆனால் இருப்பது அதுதான்.

பழைய வண்டி என்றால்

நான் எடுத்தது செகண்ட் ஹேண்ட். தரகர் ஒருவர் "சிங்கிள் ஓனர், ஒரு கீறல் இல்லை" என்று முதலில் காட்டிய வண்டியை, வண்ணாரப்பேட்டையில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் பாயைக் கூட்டிப்போய்ப் பார்த்தேன். பாய் பெயின்ட்டைப் பார்க்கவே இல்லை. நேராகக் குனிந்து ஃபுட்ரெஸ்ட் நுனியைத் தடவினார். பிறகு பிரேக் லிவரின் உருண்டை முனை, ஹேண்டில் பார் முனை. மூன்றிலும் ஒரே பக்கம் தேய்மானம். பிறகு ஹேண்டிலை முழுசாகத் திருப்பி, முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் வந்து முட்டி நிற்கும் இரும்புத் துண்டை டார்ச் அடித்துக் காட்டினார். ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. "விழுந்த வண்டி. ஃபேரிங், அதான் வெளி பிளாஸ்டிக், மாத்திட்டாங்க. இதை யாரும் மாத்த மாட்டாங்க" என்றார். வந்த வழியே திரும்பிவிட்டோம்.

நீங்களும் அதே வரிசையில் பாருங்கள். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் போவதற்கு முன்பே சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள். ஃபோர்க் குழாயில் எண்ணெய்க் கோடு இருந்தால் ஆயில் சீல் போயிருக்கிறது. டயரில் நாலு இலக்க எண் இருக்கும்: 2319 என்றால் 2019ஆம் வருஷம் 23ஆவது வாரம். டயரில் பட்டன் தேயாமல் இருந்தாலும் பழைய ரப்பர் காய்ந்து, மழையில் பிடிக்காது. ஐந்து வருஷம் தாண்டியிருந்தால் டயர் விலையைக் கழித்துப் பேசுங்கள்.

நம்ம ஏரியாவில் இன்னொன்று முக்கியம், வெள்ளம். 2015, 2023 டிசம்பர்களில் எத்தனை வண்டி தண்ணீரில் நின்றது என்று நமக்குத் தெரியும். சீட்டைக் கழற்றி பேட்டரிக்குக் கீழே விரலை விடுங்கள். வண்டல் ஒட்டியிருந்தால் பேச்சே வேண்டாம். ஆயில் பால் கலந்த டீ மாதிரி தெரிந்தாலும் அதேதான்.

ஏபிஎஸ், அதாவது பலமாக பிரேக் பிடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் வசதி, அந்த விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். 2018க்கு முன்னால் இங்கே விற்ற நிஞ்ஜா 300ல் ஏபிஎஸ் கிடையாது. அந்த வருஷங்களின் வண்டி விலை சல்லிசாகத் தெரியும், ஆசை வரும். சாவி போட்டால் மீட்டரில் ஏபிஎஸ் விளக்கு எரிய வேண்டும், வண்டி கொஞ்சம் உருண்டதும் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் ஒன்று ஏபிஎஸ் இல்லை, அல்லது பல்பை யாரோ கழற்றி வைத்திருக்கிறார்கள்.

பேப்பரில், பெயர் மாற்றுவதற்கான ஃபாரம் 29, 30 இரண்டிலும் விற்பவர் கையெழுத்து. ஆர்சியில் ஃபைனான்ஸ் பெயர் இருந்தால் கடன் முடிந்ததற்கான ஃபாரம் 35ம் என்ஓசியும் கைக்கு வந்த பிறகே முழுப்பணம்.

வாட்டர் கேன் பாடம்

வண்டி வந்ததும் ஈசிஆருக்கு ஓடாதீர்கள். ஞாயிறு காலை ஐந்தரைக்கு ஏதாவது ஒரு காலி மைதானம், ஆறு காலி 20 லிட்டர் வாட்டர் கேன். ஆறையும் மூன்று பெரிய காலடி இடைவெளியில் வரிசையாக வையுங்கள்.

முதல் கியர். ஆக்சிலேட்டரை லேசாகத் திறந்து ஒரே இடத்தில் நிறுத்துங்கள், இனி அதைத் தொட வேண்டாம். வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் கிளட்ச்தான்: பாதி பிடித்தபடி, ஒரு நூல் விடுவது, ஒரு நூல் பிடிப்பது. வலது கால் பின் பிரேக்கை மெல்ல அழுத்தியபடியே இருக்கட்டும். இன்ஜின் முன்னால் இழுக்க, பிரேக் பின்னால் பிடிக்க, நடுவில் வண்டி கயிறு கட்டின மாதிரி நிமிர்ந்து நிற்கும். இதில் கிளட்ச் லிவர் இலகுதான், அரைமணி நேரம் செய்தாலும் கை கடுக்காது.

கண் அடுத்த கேனுக்கு அந்தப் பக்கம் இருக்கட்டும். கேனையே பார்த்தால் கேன் மேல்தான் போவீர்கள். முதல் ஞாயிறு நான் நாலு கேனை நசுக்கினேன். தண்ணி போடுகிற தம்பி டெபாசிட்டைத் திருப்பித் தரவில்லை.

உடம்பின் எடையை மணிக்கட்டில் போடாதீர்கள். முழங்கால் ரெண்டாலும் டேங்கை இறுக்குங்கள், முழங்கை மடங்கியிருக்கட்டும். கோழி இறக்கையை அசைக்கிற மாதிரி கையை ஆட்டிப் பார்த்தால் தோள் தளர்வாக அசைய வேண்டும். கை விறைத்தால் ஹேண்டில் விறைக்கும். ஹேண்டில் ஸ்கூட்டர் மாதிரி முழுசாக மடங்காது என்பதையும் இங்கேயே தெரிந்துகொள்ளுங்கள். சந்தில் யூ டர்ன் அடிக்கும்போது தெரிந்துகொள்வது லேட்.

அடுத்த ஞாயிறு பிரேக். நாற்பதில் வந்து, முன் பிரேக்கை எலுமிச்சம்பழம் பிழிகிற மாதிரி படிப்படியாக அழுத்துங்கள். வெடுக்கென்று பிடிக்கக் கூடாது. சில தடவை வேண்டுமென்றே பலமாக அழுத்தி, லிவரில் ஏபிஎஸ் துடிப்பதை விரலால் உணருங்கள். அந்தத் துடிப்பு முதல் தடவையாக லாரிக்கு முன்னால் வந்தால் பயந்து பிரேக்கை விட்டுவிடுவீர்கள்.

ஹேண்டில் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைத் தொடாதீர்கள். இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஒரு பெட்ரோல் பங்கில் வரிசையிலிருந்து இடது பக்கம் ஒடித்து வெளியே வந்தேன், குறுக்கே ஒரு சைக்கிள். ரெண்டு விரலால் முன் பிரேக் பிடித்தேன். வேகம் நடக்கிற வேகம்கூட இருக்காது. வண்டி இடது பக்கம் மெல்ல மெல்ல, அவசரமே இல்லாமல் படுத்தது. கிளட்ச் லிவர் முனை ஒடிந்தது, கியர் லிவர் உள்ளே மடங்கியது. "இன்னாமா, அடி கிடி பட்டுச்சா?" என்று ரெண்டு பேர் ஓடி வந்து தூக்கினார்கள். அடி எதுவும் இல்லை, மானம்தான்.

ஆள் வராவிட்டால்: இன்ஜினை அணைத்து, கியரில் விட்டு, சீட்டுக்கு முதுகைக் காட்டிக் குந்துங்கள். ஒரு கை ஹேண்டிலில், ஒரு கை பின்பக்கம் உறுதியான பிடிமானத்தில். முதுகால் தூக்காமல், காலால் உந்திப் பின்னோக்கிச் சின்னச் சின்ன அடி வையுங்கள். வலது பக்கம் விழுந்திருந்தால் தூக்கும் முன்பே சைடு ஸ்டாண்டை இறக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் மறுபக்கமும் சாயும்.

நம்ம ரோடு

எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் டிரெய்லர் இடது பக்கம் திரும்பும்போது, அதன் தலை போகிற பாதையில் பின்சக்கரம் போகாது. உள்ளே வெட்டிக்கொண்டு வரும். சந்து கிடைத்தது என்று அந்த இடது பக்கம் நுழைகிறவரைத்தான் அது நசுக்குகிறது. டிரெய்லருக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவில் என் வண்டி போகவே போகாது. ஹாரன் எத்தனை வந்தாலும் சரி, பின்னாலேயே நிற்பேன்.

காசிமேடு பக்கம் விடியற்காலையில் மீன் வண்டிகளிலிருந்து ஐஸ் தண்ணி சொட்டிக்கொண்டே போகும். ரோடு நனைந்த மாதிரிதான் தெரியும், ஆனால் அதில் செதிலும் கொழுப்பும் இருக்கும். அங்கே வண்டியைச் சாய்க்காமல், பிரேக் பிடிக்காமல், ஆக்சிலேட்டரை மாற்றாமல் நேராகக் கடந்துவிடுங்கள். பள்ளத்தின் மேல் போட்ட இரும்புத் தகட்டுக்கும், ரயில்வே கேட் தண்டவாளத்துக்கும் இதே விதி. தண்டவாளத்தைக் குறுக்காகக் கடக்காதீர்கள், நேர் செங்குத்தாக ஏறுங்கள்.

கொருக்குப்பேட்டை கேட்டில் ஒரு ரயில் போய், இன்னொன்றுக்கும் காத்திருந்தால், ரேடியேட்டர் ஃபேன் ஓட ஆரம்பிக்கும். காலில் அடுப்படி அனல் அடிக்கும். ரிப்பேர் என்று பயப்பட வேண்டாம், ஃபேன் ஓடுவதுதான் நல்லது. ஓடாமல் வெப்ப விளக்கு எரிந்தால்தான் பயம். கேட் மூடினதுமே இன்ஜினை அணைத்துவிடுங்கள்.

மழையில் கணேசபுரம் சுரங்கப்பாதை மாதிரி இடங்களில் முன்னால் ஆட்டோ போகிறதே என்று இறங்காதீர்கள். தண்ணீர் சைலன்சரைத் தொடும் ஆழம் என்றால் சுற்று வழிதான்.

உப்புக்காத்து

கடலோரத்தில் வீடு என்றால் செயினுக்கு ஆயுசு கம்மி. 500, 600 கிலோமீட்டருக்கு ஒரு தடவை, மழையில் நனைந்தால் அன்றைக்கே, மண்ணெண்ணெய்யில் நனைத்த மென்மையான பிரஷ்ஷால் துடைத்து செயின் லூப் (செயினுக்கான மசகு ஸ்ப்ரே) அடியுங்கள். பெட்ரோல் வேண்டாம், இணைப்புகளுக்குள் இருக்கும் ரப்பர் வளையத்தைக் கெடுத்துவிடும். ஓடி முடித்து செயின் சூடாக இருக்கும்போது, சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டு உள்பக்கமாக அடிக்க வேண்டும். இன்ஜினை ஓடவிட்டு கியரில் போட்டு சக்கரத்தைச் சுற்றவிட்டு விரலை இழந்தவர்கள் உண்டு. எவ்வளவு தொய்வு என்று பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங் ஆர்மில் ஸ்டிக்கரே ஒட்டியிருக்கும். பிரேக் டிஸ்க்கில் லூப் ஒரு துளி பட்டாலும் உடனே துடைத்துவிடுங்கள்.

ஹெல்மெட் ஐஎஸ்ஐ முத்திரையோடு. ரோட்டோரம் 300 ரூபாய்க்குக் கிடைப்பதில் ஸ்டிக்கர் மட்டும்தான் ஐஎஸ்ஐ. பின்னால் யாரையாவது ஏற்றுவதை மூன்று மாதம் தள்ளிப்போடுங்கள். பின் சீட் சின்னது, உயரம் வேறு. ஆள் ஏறினால் வண்டி நிற்கும் விதமே மாறிவிடும். எங்கம்மா ஒரே ஒரு தடவை கோயிலுக்கு வந்தார். "இது சீட்டா செங்கல்லா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் போய்விட்டார்.

இரண்டு மாதம் போனபின், முதல் நீளப் பயணத்துக்குப் பழவேற்காடு போங்கள். மணலி புதுநகர், மீஞ்சூர், பொன்னேரி வழி. மீஞ்சூர் வரை லாரி, பொன்னேரி தாண்டினால் வயல். அங்கேதான் முதல் தடவையாக ஆறாவது கியரை நிம்மதியாகப் போட்டேன். டேங்க் 17 லிட்டர், பெட்ரோலைப் பற்றிக் கவலையில்லை. விடிவதற்குள் கிளம்பி, ஒன்பதுக்குள் மீஞ்சூரை மறுபடி தாண்டிவிடுங்கள். அதற்குமேல் லாரி வரிசைக்குப் பின்னால் நின்று நின்றுதான் வீடு வர வேண்டியிருக்கும், பாதி கிளட்ச்சில், முதல் கியரில்.