குழலில் இருப்பது விற்றவர் பெயரா, செய்தவர் பெயரா? பழைய வேட்டை ரைஃபிளின் பூர்வீகத்தைக் கண்டுபிடிக்கும் வழி

தாத்தாவுக்கு ஆனைமலையிலோ நீலகிரியிலோ எஸ்டேட் இருந்திருக்கும். பேரப்பிள்ளைகள் இப்போது அடையாறிலும் அண்ணா நகரிலும் இருக்கிறார்கள். துப்பாக்கி மட்டும் லைசென்ஸோடு கைமாறி வந்திருக்கும். லைசென்ஸ் புத்தகத்தில் போர் அளவும் (குழலின் உள்விட்டம்) நம்பரும் இருக்கும், செய்தவர் யார் என்பது இருக்காது. "குழலின் மேலேயே பெயர் வெட்டியிருக்கிறதே" என்பார்கள். அந்தப் பெயர் பெரும்பாலும் விற்றவருடையது. தி.நகரில் வாங்கும் பட்டுப்புடவைப் பெட்டியில் கடையின் பெயர் இருக்கும், காஞ்சிபுரத்தில் நெய்தவர் பெயர் இருக்காது. பழைய ரைஃபிளிலும் இதே கதைதான்.

அதனால் நாம் தேட வேண்டியது பளிச்சென்று தெரியும் எழுத்துகளை அல்ல, மரக்கட்டைக்கு அடியில் மறைந்திருப்பதை. படிப்படியாகப் பார்ப்போம்.

முதலில் காகிதம்

ரைஃபிள் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். லைசென்ஸ்தாரர் காலமாகிவிட்டால், வாரிசு தன் பெயரில் லைசென்ஸ் வாங்கும்வரை அதை வீட்டில் வைத்திருக்கக் கூடாது. உரிமம் பெற்ற ஆயுத டீலரிடமோ காவல் நிலையத்திலோ ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு இதைத்தான் சொல்கிறது. சென்னை மாநகரில் லைசென்ஸ் வழங்குபவர் போலீஸ் கமிஷனர், மாவட்டங்களில் கலெக்டர். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது, அதையும் கணக்கில் வையுங்கள்.

டீலரிடம் இருப்பதால் ஆராய்ச்சிக்கு ஒரு நஷ்டமும் இல்லை. சொல்லப்போனால் லாபம்தான், கட்டையைக் கழற்றத் தெரிந்த ஆள் பக்கத்திலேயே இருப்பார்.

தொடுவதற்கு முன்

டீலரே போல்ட்டை (தோட்டாவை அறைக்குள் தள்ளி அடைக்கும் உருளை) பின்னால் இழுத்து, மேகஸினும் குழலும் காலி என்று உங்கள் கண் முன்னே காட்டட்டும். பழைய ரைஃபிளின் மேகஸினில் பல வருடத்துத் தோட்டா தங்கியிருப்பது அபூர்வம் இல்லை.

அடுத்தது சுத்தம் செய்யும் ஆசை. சென்னையின் உப்புக் காற்றில் துரு ஏறாத இரும்பே கிடையாது. அதற்காக உப்புத்தாளோ பிராஸோவோ எடுத்துவிடாதீர்கள். முத்திரைகளின் ஆழம் மயிரிழை அளவுதான், இரண்டு தேய்ப்பில் போய்விடும். துப்பாக்கியின் பெயரையோ எண்ணையோ அழிப்பது அதே சட்டத்தின் 8-ஆம் பிரிவின்படி குற்றமும்கூட. மெல்லிய எண்ணெய் தொட்ட பருத்தித் துணி போதும்.

படம் எடுப்பது

மேலிருந்து ஃபிளாஷ் அடித்தால் எழுத்து தெரியாது. அறையை இருட்டாக்கி, செல்போன் டார்ச்சைக் குழலோடு படுக்க வைத்தாற்போலப் பக்கவாட்டில் பிடியுங்கள். பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்து எழும்பி வரும். அப்படியும் வராவிட்டால் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் லேசாகத் தேயுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் எந்த இடம் என்று குறித்து வையுங்கள். இணையத்தில் போடும்போது எண்ணின் கடைசி இலக்கங்களை மறைத்துவிடுங்கள்.

குழலின் மேல் இருக்கும் பெயர்

மதராஸில் மவுண்ட் ரோடு பி. ஆர் அண்ட் சன்ஸ் கடிகாரத்துக்கும் நகைக்கும் பேர்போனவர்கள், துப்பாக்கியும் விற்றார்கள். கல்கத்தாவில் மேன்டன், ரோடா, லயன் அண்ட் லயன். இவர்கள் பெரும்பாலும் இங்கிலாந்திலோ ஐரோப்பாவிலோ செய்து வந்ததைத் தங்கள் பெயர் பொறித்து விற்றவர்கள். 1914 ஆகஸ்டில் வங்கப் புரட்சியாளர்கள் கல்கத்தாவில் கடத்திய ஐம்பது மாசர் பிஸ்டல்கள் இந்த ரோடா கம்பெனிக்கு வந்த சரக்குதான். அவற்றைச் செய்தது ஜெர்மனியில் மாசர், இறக்கியது கல்கத்தாவில் ரோடா.

பெயரோடு முகவரி இருந்தால் விடாதீர்கள். கடைகள் இடம் மாறின, கூட்டாளிகள் மாறினார்கள், அதற்கேற்பக் குழலில் வெட்டும் வாசகமும் மாறியது. மதராஸ் கடை என்றால், அந்தக் காலத்தில் இங்கேயே அச்சான அசைலம் பிரஸ் அல்மனாக் என்ற ஆண்டுக் கையேட்டில் வியாபாரிகள் பட்டியல் இருக்கும். எழும்பூர் கன்னிமாரா நூலகத்தில் பழைய டைரக்டரிகளைக் கேட்டுப் பாருங்கள். கடை எந்த வருடங்களில் எந்த முகவரியில் இருந்தது என்று தெரிந்தாலே காலம் பாதி சுருங்கிவிடும்.

கட்டைக்கு அடியில்: முத்திரைகள்

வேலையே இங்கேதான். கட்டையைப் பிணைக்கும் திருகுகளின் வாய் மிகக் குறுகலாக இருக்கும். வீட்டுத் திருப்புளியைப் போட்டால் வாய் கிழிந்துவிடும். டீலரின் கைவினைஞரிடம் அந்த வாய்க்குப் பொருந்துமாறு அராவிய திருப்புளி இருக்கும், அவரே கழற்றட்டும்.

டீலரின் மேசையில் ஒரு ரைஃபிளை இப்படித் திறந்து பார்த்தேன். மேலே 'பி. ஆர் அண்ட் சன்ஸ், மதராஸ்' என்று அழகான எழுத்து. கட்டை நீங்கியதும் கருத்துப்போன கிரீஸுக்கு அடியில் அரிசி அளவில் மூன்று முத்திரைகள் தெரிந்தன. மூன்றின் தலையிலும் கிரீடம், அதன் கீழே முறையே 'பிபி' (BP), 'பிவி' (BV), 'என்பி' (NP) என்ற ஆங்கில எழுத்துகள். தள்ளி ஒரு மூலையில் இரண்டெழுத்து இனிஷியல். மரப்பள்ளத்தின் உள்ளே ஒரு எண், அதே எண் விசையைச் சுற்றியுள்ள விசைக்காப்பின் உட்புறத்திலும்.

பிரிட்டனில் எந்தத் துப்பாக்கியையும் விற்பதற்கு முன் அதிக அழுத்தத்தில் சுட்டுச் சோதித்து முத்திரை குத்த வேண்டும். அதற்கு லண்டனிலும் பர்மிங்ஹாமிலும் சோதனைச் சாலைகள் உண்டு. மேலே சொன்ன மூன்றும் 1904 முதல் பர்மிங்ஹாம் பயன்படுத்தியவை. அதற்கு முன்பு, 1813 முதல், அங்கே குத்தியது கிரீடத்தோடு குறுக்கிட்ட இரண்டு செங்கோல்கள். லண்டன் என்றால் கிரீடத்தின் கீழ் பின்னிய 'ஜிபி' (GP) இருக்கும். 'என்பி'க்கு மேலே கிரீடத்துக்குப் பதில் வாள் ஏந்திய கை இருக்கும். 'என்பி'யின் தலையில் கிரீடமா கையா என்ற இந்த ஒரு வித்தியாசத்தை மனதில் வைத்தாலே ஊர் தெரிந்துவிடும்.

'கார்டைட் 75-500 மேக்ஸ்' என்பதுபோல ஒரு வரி இருந்தால், முதல் எண் கார்டைட் என்ற வெடிமருந்தின் எடை, இரண்டாவது குண்டின் எடை, இரண்டும் கிரெயின் என்ற சிறு எடை அளவில். 75-500 என்பது .470 (அங்குலத்தில் போர் அளவு) இரட்டைக்குழல் ரைஃபிளில் வழக்கமாகக் காண்பது. அழுத்தத்தை டன் கணக்கில் குறித்திருந்தால் அந்தச் சோதனை 1954 விதிகளுக்குப் பிந்தையது. 'நாட் இங்கிலிஷ் மேக்' என்று இருந்தால் பிரிட்டனுக்கு வெளியே செய்து, அங்கே வந்து சோதிக்கப்பட்டது, 1925-க்குப் பிறகு.

கிரீடத்தின் கீழ் தனித்தனியாக 'பி' (B), 'யு' (U), 'ஜி' (G), 'என்' (N) என்று இருந்தால் ஜெர்மனி. 'ஜி' உட்புறம் சுருளாக வரி வெட்டிய குழலுக்கு. பல ஜெர்மன் குழல்களில் சோதித்த மாதமும் ஆண்டும் சிறு எண்ணாக இருக்கும், 3 28 என்றால் 1928 மார்ச். கழுகின் கீழ் 'என்' என்றால் 1940 அல்லது அதற்குப் பிறகு. முட்டை வடிவத்துக்குள் 'ஈஎல்ஜி' (ELG) என்றால் பெல்ஜியத்தின் லியேஜ்.

ஆக, அந்த மதராஸ் பெயர் போட்ட ரைஃபிள் பர்மிங்ஹாமில் சோதனைக்குப் போனது, 1904-க்கு முந்தையது அல்ல. அந்த இனிஷியல் குழல் போட்டவருடையதாக இருக்கலாம். பர்மிங்ஹாமில் ஒருவர் குழல், ஒருவர் கட்டை, ஒருவர் செதுக்கு வேலை என்று பிரித்துச் செய்தார்கள். 'செய்தவர்' என்று ஒரே ஆளைத் தேடுவதே சில சமயம் தவறான கேள்வி.

போர் அளவும் ஒரு சாட்சி

1907-ல் பிரிட்டிஷ் இந்தியாவில் .450 போர் தடை செய்யப்பட்டது. ராணுவத்தின் பழைய மார்ட்டினி ரைஃபிள்களுக்கான தோட்டா அந்த அளவில் இருந்ததுதான் காரணம். அந்தத் தடையால் லண்டன் கம்பெனிகள் .465, .470 என்று புது அளவுகளுக்கு ஓடின. அதனால் இந்தியாவுக்கு வந்த பெரிய ரைஃபிள் .470 என்றால் அது தடைக்காலத்தது என்று ஊகிக்கலாம். ராணுவத்தின் .303-ம் தனியாருக்குத் தடையான போர் ஆனது. ராணுவத்தின் லீ-என்ஃபீல்ட் ரைஃபிள் சாயலில் .315 ரைஃபிள்கள் நம் ஊரில் இத்தனை இருப்பதற்கு அதுதான் காரணம், வங்காளத்து இஷாப்பூர் அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலையும் அந்த அளவில் செய்தது.

எண்களை அப்படியே நம்பாதீர்கள். லண்டன் கம்பெனியான ரிக்பியின் .275 என்பது ஜெர்மானியரின் 7x57 தோட்டாவேதான். இன்னொரு ஆங்கிலேயக் கம்பெனியான வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸின் .318-ல் போகும் குண்டின் உண்மையான விட்டம் .330 அங்குலம். போர் தெரியவில்லை என்றால் கைவினைஞர் செரோசேஃப் என்ற உலோகக் கலவையை உருக்கித் தோட்டா அறைக்குள் ஊற்றி அச்சு எடுப்பார். கொதிநீரின் சூட்டிலேயே உருகிவிடும். ஏதோ ஒரு தோட்டாவைப் போட்டுப் பொருந்துகிறதா என்று பார்க்கும் பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம்.

ஆக்‌ஷனும் கட்டையும்

ஆக்‌ஷன் என்பது தோட்டாவை ஏற்றிப் பூட்டிச் சுடும் இயந்திரப் பகுதி. போல்ட்டின் பக்கவாட்டில் நீண்ட எஃகு நகம் இருந்தால் பெரும்பாலும் மாசர் 98 வகை. லண்டன் கம்பெனிகளும் ஜெர்மனியிலிருந்து இந்த ஆக்‌ஷனை வாங்கித்தான் ரைஃபிள் கட்டின. ஆகவே 'மாசர்' என்ற எழுத்து ஆக்‌ஷனைச் செய்தவரை மட்டுமே சொல்லும்.

கட்டையில் கண் வையுங்கள். மெலிந்த முன்கட்டை, நுனியில் எருமைக் கொம்பு, வார் வளையம் கட்டையில் இல்லாமல் குழலிலேயே பட்டை போட்டு மாட்டியிருப்பது, 100, 200, 300 கஜ தூரத்துக்கு என்று மடக்கும் குறிப்பார்வை இலைகள்: ஆங்கிலேயக் கை. முன்கட்டை நுனி பறவை மூக்குபோல் வளைந்து, இரண்டு விசைகள், எட்டுப்பட்டையாகத் தொடங்கி உருண்டு போகும் குழல்: ஜெர்மன் அல்லது ஆஸ்திரியக் கை. ஆனால் கட்டையை மாற்றுவது எளிது, பாணியைப் பார்த்துக் காப்பியடிப்பதும் எளிது. கட்டை ஒன்று சொல்லி முத்திரை வேறொன்று சொன்னால் நான் முத்திரையின் பக்கம்.

கடைசியில் கடிதம்

ஆக்‌ஷன் மேல் இருக்கும் எண் ஒன்று, விசைக்காப்பில் இருப்பது வேறு என்றால் இரண்டையும் எழுதுங்கள். முன்னது ஆக்‌ஷன் தொழிற்சாலையுடையது, பின்னது ரைஃபிள் கட்டியவர் தந்ததாக இருக்க வாய்ப்பு அதிகம். ரிக்பி, வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ், ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் போன்றவர்களிடம் பழைய பேரேடுகள் இருக்கின்றன. கட்டணம் கட்டினால் எண்ணை வைத்து யாருக்கு, எப்போது விற்றது என்று தேடித் தருவார்கள். முத்திரைப் படங்கள், போர், எண்கள், குழலின் வாசகம் எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் அனுப்புங்கள். பேரேட்டில் போர் அளவும் குழல் நீளமும் ஒத்துப்போனால்தான் ஏற்றுக்கொள்ளுங்கள், எண் மட்டும் பொருந்துவது போதாது.

எந்தப் பேரேட்டிலும் சிக்காவிட்டால், உங்கள் கோப்பில் இப்படி எழுதுங்கள்: "மாசர் 98 ஆக்‌ஷன், பர்மிங்ஹாம் சோதனை, 1904-க்குப் பின், விற்றவர் பி. ஆர் அண்ட் சன்ஸ், செய்தவர் தெரியவில்லை." ஏலக் கம்பெனிக்காரரோ உறவினரோ "ரிக்பி என்றே போட்டுக்கொள்ளலாமே, விலை ஏறும்" என்றால், முத்திரைப் படத்தை எடுத்து நீட்டி, எந்த எழுத்தை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேளுங்கள்.