நிக்கல் நிறமாலையில் படிகப்புலப் பிளவு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடியில் நிக்கல் சல்பேட்டுக்கு அறிமுகம் வேண்டாம். மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கும் ஊர். பூச்சுத் தொட்டியில் போடும் அதே பச்சை உப்புதான் எம்.எஸ்சி. ஆய்வகத்திலும். ஆறு நீர் மூலக்கூறுள்ள உப்பு 2.63 கிராமைக் கரைத்து 100 மி.லி. ஆக்கினால் 0.1 மோலார் கரைசல் தயார்.

இதன் நிறமாலையில் மூன்று உறிஞ்சல் பட்டைகள்: 8,500, 13,800, 25,300 செ.மீ⁻¹. முதலாவதுதான் டெல்டா, அதாவது சுற்றியுள்ள நீர் மூலக்கூறுகளால் நிக்கலின் டி ஆர்பிட்டால்கள் இரண்டு மட்டங்களாகப் பிரியும் ஆற்றல் இடைவெளி (படிகப்புலப் பிளவு). ஆனால் அது விழுவது 1,176 நானோமீட்டரில். பல யூவி-விசிபிள் கருவிகள் 1,100-லேயே நின்றுவிடும். உடனே இரண்டாவது பட்டை 1.8 டெல்டா என்று எண்ணி, கைக்குக் கிடைத்த 13,800-ஐ 1.8-ஆல் வகுத்து 7,670 என்று எழுதிவிடுகிறார்கள். கிட்டத்தட்ட பத்து சதவீதம் குறைவு!

அந்த 1.8, எஃப் (F) டெர்மின் (அயனியின் ஆற்றல் நிலைகளின் ஒரு தொகுதி) மேல்நிலை தனித்து நின்றால்தான் செல்லும். பி (P) டெர்ம் நிலைக்கும் அதே சமச்சீர், அதே தற்சுழற்சி. அதனால் இரண்டும் 0.4 டெல்டா, அதாவது 3,400 அளவில் கலக்கின்றன. இதுதான் கான்ஃபிகரேஷன் இன்டராக்‌ஷன். எலக்ட்ரான்களுக்கிடையேயான விலக்கத்தைக் குறிக்கும் ராக்கா பி (B) 907 செ.மீ⁻¹ என்று வைத்தால், கலக்காமல் 15,300-லும் 23,800-லும் இருக்க வேண்டியவை 14,110-க்கும் 25,000-க்கும் விலகிப் போகின்றன. கூட்டுத்தொகை மட்டும் மாறுவதில்லை. ஆகவே மூன்று பட்டையும் கையில் இருந்தால் மேல் இரண்டையும் கூட்டி, டெல்டாவின் மும்மடங்கைக் கழித்து, 15-ஆல் வகுங்கள், ராக்கா பி வந்துவிடும். முதல் பட்டையை அளக்கும்போது ஒப்பீட்டுக் கலத்தில் (குவெட்டில்) தண்ணீர் கட்டாயம். 1,200 நானோமீட்டர் அருகே தண்ணீரே ஒளியை உறிஞ்சும்.

முதல் பட்டை கிடைக்காவிட்டால், மேல் இரண்டு பட்டைகளின் கூட்டுத்தொகையையும் பெருக்குத்தொகையையும் வைத்து:

3.4 டெல்டா² − 1.8 (கூட்டுத்தொகை) டெல்டா + (பெருக்குத்தொகை) = 0

இதன் சிறிய மூலம் 8,240, அதுதான் டெல்டா. பெரிய மூலம் 12,460-ஐ எடுத்தால் ராக்கா பி வெறும் 115 ஆகிவிடும், தள்ளிவிடுங்கள்.

வனேடியம் 3+ அயனியில் வேறு பொறி: அங்கே கலப்பது அடிநிலையே. முதல் பட்டை 17,800, இரண்டாவது 25,700 என்றால் டெல்டா 17,800 அல்ல, ஏறக்குறைய 19,100.

கணினியில் நிக்கலுக்கு காஸ்எஸ்சிஎஃப் (CASSCF, பல எலக்ட்ரான் அமைப்புகளைக் கலந்து கணக்கிடும் குவாண்டம் முறை) போடுவோர் ஐந்து டி ஆர்பிட்டால், எட்டு எலக்ட்ரான், 10 மும்மை நிலை, 15 ஒற்றை நிலை எல்லாவற்றையும் சராசரியில் சேர்க்க வேண்டும். அதோடு நிறுத்தினால் எஃப்-பி இடைவெளி பெரிதாகவே வரும். மேலே நெவ்பிடி2 (NEVPT2) என்ற எலக்ட்ரான் உறவுத் திருத்தம் தேவை. சோதனையில் பொருத்திய ராக்கா பி-யோடு அந்தத் திருத்தத்தை மறுபடி கூட்டாதீர்கள், அது ஏற்கெனவே பி-க்குள் இருக்கிறது.