ஓவர் கொடுப்பது எப்படி: புதிதாக வார்டுக்கு வரும் ஸ்டாஃப் நர்ஸ்களுக்கு

டியூட்டி முடிந்து போகிறவர், அடுத்து வருகிறவரிடம் நோயாளிகளின் நிலையைச் சொல்லி ஒப்படைப்பதுதான் ஓவர். அதில் முதலில் பெட் நம்பர் வரிசையை விடுங்கள். ஒன்றாம் பெட்டில் தொடங்கினால், மூச்சு வாங்கிக்கொண்டு கிடக்கும் இருபத்தெட்டாம் பெட் வருவதற்குள் கேட்பவருக்குக் காது அடைத்துவிடும். நைட் டியூட்டி பார்த்த உங்களுக்கோ பஸ் நேரம் ஆகிவிடும். மோசமாக இருப்பவர், இன்று ஆபரேஷனுக்குப் போகிறவர், ராத்திரி அட்மிட் ஆனவர், இவர்களை முதலில் சொல்லுங்கள். மற்றவர்களுக்கு வரிசையே போதும்.

நர்சிங் ஸ்டேஷனில் உட்கார்ந்து ஓவர் புக்கை வாசித்துக் காட்டினால் அது ஓவர் இல்லை. கட்டிலுக்குப் போங்கள். கேனுலா போட்ட கை வீங்கியிருக்கிறதா, டிரிப் எத்தனை சொட்டு ஓடுகிறது, யூரின் பேக்கில் எவ்வளவு, டிரெஸ்ஸிங் நனைந்திருக்கிறதா, எல்லாவற்றையும் இருவரும் சேர்ந்து பாருங்கள். எச்ஐவி போன்ற விவரத்தை மட்டும் வாய்விட்டுச் சொல்லாதீர்கள். கேஸ் ஷீட்டில் விரல் வைத்துக் காட்டுங்கள். பக்கத்து பெட் அட்டெண்டருக்குக் காது ரொம்பக் கூர்மை.

ஒவ்வொரு நோயாளிக்கும் ஐந்து விஷயம். எவ்வளவு மோசம்? என்ன நோய், இதுவரை என்ன செய்தோம்? இனி யார், எத்தனை மணிக்கு, என்ன செய்ய வேண்டும்? என்ன ஆகக்கூடும், அப்படி ஆகிவிட்டால் என்ன செய்வது? ஐந்தாவது, கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்வது. ஐ-பாஸ் என்று இதற்குப் பெயர். அமெரிக்காவிலும் கனடாவிலும் 9 மருத்துவமனைகளின் குழந்தைகள் பிரிவில் பயிற்சி டாக்டர்களுக்கு இதைக் கற்றுக்கொடுத்து, 10,740 அட்மிஷன்களைப் பார்த்த ஆய்வு 2014-இல் வந்தது. தவறுகள் 23 சதவீதமும், தடுத்திருக்கக்கூடிய பாதிப்புகள் 30 சதவீதமும் குறைந்தன. "இதுக்கெல்லாம் ஏது நேரம் சிஸ்டர்?" என்பவர்களுக்கு நான் சொல்வது அதே ஆய்வின் வேறு கணக்கு: ஒரு நோயாளிக்கு வாய்வழி ஓவர் முன்பு 2.4 நிமிடம் பிடித்தது, இந்த முறை வந்த பிறகு 2.5 நிமிடம்.

நம் வார்டுகளில் விட்டுப்போவது ஐந்தாவதுதான். "சரி, சரி" என்ற தலையாட்டலோடு அடுத்த பெட்டுக்குப் போய்விடுகிறோம். இப்படி ஒரு ஓவர் என்று வையுங்கள்:

"பெட் 14. கவனிக்க வேண்டிய கேஸ். 62 வயசு, சுகர், வலது கால் புண்ணு கிளீன் பண்ணி ரெண்டாவது நாள். ஏழு மணிக்கு சுகர் 286. ஆர்டர்படி பிளெயின் இன்சுலின் 8 யூனிட், 7.10-க்குப் போட்டாச்சு. டிபன் இன்னும் வரலை. வியர்த்தாலோ கை நடுங்கினாலோ உடனே சுகர் பாருங்க. 70-க்குக் கீழன்னா டியூட்டி டாக்டரைக் கூப்பிடுங்க."

"14, சுகர் 286, டிபனுக்கு முன்னாடி இன்சுலின் போடணும்."

"இல்லம்மா, இன்சுலின் போட்டாச்சு. டிபன்தான் பாக்கி."

திருப்பிச் சொல்லாமல் இருந்திருந்தால் வெறும் வயிற்றில் இன்னொரு 8 யூனிட் போயிருக்கும். சார்ட்டில் கையெழுத்து இருக்குமே என்பீர்கள். ஊசியை இப்போது போட்டுவிட்டுக் கையெழுத்தை அப்புறம் போடுகிற வழக்கம் எந்த வார்டில் இல்லை? கையெழுத்து பாக்கி இருந்தால் ஓவரைத் தொடங்காதீர்கள்.

திருத்தும்போது குரலை உயர்த்த வேண்டாம். நோயாளி முன்னால் திட்டு வாங்கிய ஜூனியர், அடுத்த தடவை புரியாததையும் புரிந்தது என்பார்.

இன்சார்ஜ்களுக்கு ஒன்று. படிவத்தை அச்சடித்துக் கொடுத்தால் டிக் அடித்துவிட்டுப் போய்விடுவார்கள். அந்த ஆய்விலும் வகுப்பு, நடித்துப் பழகுவது, ஓவரின்போது சீனியர் கூட நின்று கவனித்துச் சொல்வது எல்லாம் சேர்ந்தே இருந்தன. மத்தியானம் வார்டு அடங்கிய நேரத்தில் இரண்டு பேரை எதிரெதிரே உட்காரவைத்து, ஒரு மருந்தின் அளவை வேண்டுமென்றே மாற்றிச் சொல்லச் சொல்வேன். கேட்பவர் கை சார்ட்டுக்குப் போகிறதா என்று பார்ப்பேன். முதல் வாரம் பெரும்பாலும் போகாது.

ஓவர் நேரத்தில் பெல் அடித்தால் போவதற்கு ஒருவரைத் தனியாக நிறுத்திவிடுங்கள். அப்படியும் நடுவில் எழுந்து போக நேர்ந்தால், திரும்பி வந்ததும் அந்த நோயாளியை முதலிலிருந்து சொல்லுங்கள்.