குதிகால் வலியோடு விடியற்காலை ஓட்டம்: மதுரை வீதிகளில் நான் கடைப்பிடிக்கும் முறை

மருத்துவர் 'பிளான்டர் ஃபேஸியைட்டிஸ்' என்று பெயர் சொன்ன குதிகால் வலி என்னை ஏழு மாதங்கள் படுத்தியது. அவற்றுள் முதல் மூன்றை நானே வீணாக்கினேன். வீக்கமோ, மரத்துப்போதலோ, உட்கார்ந்திருக்கும்போதும் விடாத வலியோ உள்ளவர்கள் ஓடுவதற்கு முன் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.

படி 1: கட்டிலை விட்டு இறங்கும் முன்

நான் தவறியது இந்த இடத்தில்தான். உறங்கும்போது பாதம் முன்நோக்கி நீண்டு கிடப்பதால், குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடிவரை செல்லும் திசுப்பட்டை இரவு முழுவதும் தளர்ந்து சுருங்கியிருக்கிறது. எழுந்தவுடன் உடலின் எடை அதன்மேல் இறங்கும்போது அது வெடுக்கென்று இழுபட்டு வலிக்கிறது. ஐந்து மணிக்கு எழுந்து ஐந்தே காலுக்குத் தெருவில் ஓடிக்கொண்டிருந்த எனக்கு இது விளங்க வெகுநாள் ஆயிற்று. இப்போது நாலரைக்கே எழுந்து, தரையில் கால் வைப்பதற்கு முன், வலிக்கும் காலை மறு தொடையின் மேல் போட்டு, விரல்களைக் கையால் முன்னங்கால் பக்கமாக வளைத்துப் பத்து எண்ணும் வரை பிடிக்கிறேன். இப்படிப் பத்து முறை. பிறகு செருப்பணிந்து வீட்டுக்குள்ளேயே கால்மணி நேரம் நடக்கிறேன். வெறுங்காலோடு நடப்பது கூடாது.

படி 2: வீதியைத் தேர்ந்தெடுத்தல்

சித்திரை வீதிகள், அவற்றைச் சுற்றி ஆவணி மூல வீதிகள், அவற்றையும் சுற்றி மாசி வீதிகள் என்று கோயிலைச் சுற்றி ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த இந்த ஊர், காலில் குறையோடு ஓடுபவருக்கு மிகவும் வசதியானது. எந்த மூலையில் வலி எடுத்தாலும் உள்வீதிக்குத் திரும்பி நடந்தே வீடு சேர்ந்துவிடலாம். சித்திரை வீதிகளில் வாகனத் தொல்லை இல்லை என்றாலும், கல் பாவிய தரை குதிகாலுக்குக் கடினமாக இருப்பதால், நான் அங்கே நடந்து உடலைச் சூடேற்றிவிட்டு மாசி வீதிகளில் ஓடுகிறேன். வாசல் தெளித்த ஈரத்தில் வழுக்கும், கவனம். சாலை ஓரம் சரிந்திருப்பதால் ஒரு கால் எப்போதும் தாழ்ந்தே விழும். ஆகவே ஒருநாள் வலமாகவும் மறுநாள் இடமாகவும் சுற்றுவது நல்லது. இடமாகச் சுற்றும் நாளில் எதிரே வரும் பெரியவர்கள் சிலர் முகம் சுளிப்பதுண்டு.

படி 3: வலிக்கு மதிப்பெண்

பூச்சியத்திலிருந்து பத்து வரையான அளவில் மூன்றைத் தாண்டினால் நடையாக மாற்றுங்கள். ஆனால் ஓடும்போது கிடைக்கும் மதிப்பெண்ணை மட்டும் நம்பக் கூடாது, ஏனெனில் உடல் சூடேறியதும் இந்த வலி தானாகவே மறையும். அதை நம்பி இரண்டாம் சுற்றுக்குப் போன நாள்களுக்கெல்லாம் அடுத்த காலையில் கட்டிலருகே பலன் கிடைத்தது. மறுநாளின் முதல் அடி முந்தைய நாளைவிட அதிகம் வலித்தால், ஓடிய தூரத்தைப் பாதியாகக் குறைத்துவிடுகிறேன். இதற்குச் செயலி தேவையில்லை. நாள்காட்டித் தாளில் ஓர் எண் எழுதினால் போதும்.

படி 4: வீடு திரும்பியபின்

உறையவைத்த தண்ணீர் பாட்டிலைப் பாதத்தின் அடியில் வைத்துப் பத்து நிமிடம் உருட்டுங்கள். நான் வாங்கிய சிலிக்கான் குதிகால் மெத்தையைவிட இதுவே எனக்கு உதவியது. ஒருநாள் விட்டு ஒருநாள், படிக்கட்டின் விளிம்பில் நின்று, விரல்களின் அடியில் சுருட்டிய துண்டை வைத்துக் குதிகாலை மெதுவாக உயர்த்தி இறக்குங்கள்.

பின்சேர்க்கை: நீரிழிவு உள்ள வாசகர் ஒருவர் கேட்ட பிறகே இது எனக்குத் தோன்றியது. பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குக் குளிர் தோலைப் புண்ணாக்குவதே தெரியாமல் போகலாம் என்பதால், அவர்கள் பனிக்கட்டிப் பாட்டிலைத் தவிர்த்துச் சாதாரணப் பந்தை உருட்டிக்கொள்ளலாம். அதையும் மருத்துவரிடம் கேட்டுவிட்டே செய்ய வேண்டும்.