வெளிச்சம் குறைந்த மீன் தொட்டிக்கு அக்வா சாயில் தேவையில்லை

அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், பாசி (மாஸ்), கிரிப்டோகோரைன் ஆகிய நீர்ச்செடிகளை மட்டும் வளர்ப்பதென்றால், தொட்டியின் அடியில் பரப்பும் சத்து நிறைந்த மண் உருண்டைகளான, விலை கூடிய அக்வா சாயில் வாங்காதீர்கள். 2 முதல் 3 மி.மீ. பருமனில் சலித்த ஆற்றுச் சரளை போதும். 60 × 30 செ.மீ. அடிப்பரப்புள்ள தொட்டியில் 4 செ.மீ. உயரத்துக்குப் பரப்ப ஏறக்குறைய 11 கிலோ பிடிக்கும். தண்ணீர் தெளியும்வரை அலசிவிட்டுப் போடுங்கள்.

இந்தச் செடிகள் மெதுவாக வளர்பவை; குறைந்த வெளிச்சத்தில் அவற்றின் சத்துத் தேவையும் குறைவு. அனுபியாஸும் ஜாவா ஃபெர்னும் தண்ணீரிலிருந்தே பெரும்பாலும் சத்தை எடுத்துக்கொள்கின்றன. அவற்றின் தடித்த தண்டைச் சரளைக்குள் புதைத்தால் அழுகிவிடும், கல்லிலோ கட்டையிலோ நூலால் கட்டுங்கள். கிரிப்டோகோரைன் மட்டும்தான் வேரால் உண்பது. அதன் அடியில் 2, 3 செ.மீ. ஆழத்தில் ஓர் உரமாத்திரையைச் செருகி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதிதாக வைத்தால் போதும். நட்ட சில நாளில் அதன் இலைகள் கரைந்து போகலாம்; தயவுசெய்து பிடுங்கிவிடாதீர்கள், வேரிலிருந்து மறுபடி துளிர்க்கும்.

வாங்குமுன் ஒரு பிடி சரளையில் வினிகர் ஊற்றிப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்போ சிப்பியோ கலந்திருக்கிறது. தண்ணீரின் கடினத்தன்மை ஏறிக்கொண்டே போகும். கடற்கரை மணல் வேண்டாம் என்பதும் இதனால்தான்.

தரைவிரிப்புபோல் படரும் செடிகளை வலுவான விளக்கும் கார்பன் டை ஆக்சைடும் கொடுத்து வளர்ப்பவர்களுக்கும், அமிலத்தன்மையுள்ள மென்நீர் கேட்கும் கரிடினா இறால் வளர்ப்பவர்களுக்கும் இது பொருந்தாது. அங்கே அக்வா சாயில்தான் சரி.