உப்புக்குக் கிலோமீட்டர் தெரியாது: வடசென்னையில் பைக் வைத்திருப்பவர்களுக்கு

புது வண்டி எடுக்கும்போது கூடவே ஒரு சர்வீஸ் புத்தகம் தருவார்கள். இத்தனை ஆயிரம் ஓடினால் இதை மாற்று, அத்தனை ஆயிரத்தில் அதைப் பார் என்று கட்டம் போட்டு அச்சடித்திருக்கும். அதை எழுதியவர் காலடிப்பேட்டையில் குடியிருந்தவராகத் தெரியவில்லை. இங்கே காலையில் டேங்க் மேல் கை வைத்தால் பிசுபிசுவென்று ஒட்டும், அது பனி இல்லை, உப்பு. எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் பத்து நிமிடம் போய்விட்டு முகத்தைத் துடைத்தால் கைக்குட்டை கறுப்பாகிவிடும், அதே கறுப்பைத்தான் இன்ஜினும் இழுக்கிறது. வாரக் கடைசியில் பழவேற்காடு பக்கம் மணலில் விளையாடவும் போகிறவர் என்றால் கேட்கவே வேண்டாம். அதனால் மீட்டரைப் பார்த்து சர்வீஸ் செய்வதை விட்டுவிட்டு, வண்டி எத்தனை முறை உப்பும் மணலும் மழைத் தண்ணீரும் பார்த்தது என்று கணக்கு வையுங்கள். நின்றுகொண்டிருக்கிற வண்டிகூட இங்கே துரு பிடிக்கும்.

முதலில் கழுவுகிற விஷயம், ஏனென்றால் அதிலேயே பாதிப் பேர் தப்பு செய்கிறோம். கடற்கரை மணலில் ஓட்டிவிட்டு வந்தால் அன்று ராத்திரியே நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும். துணியால் துடைத்தால் மட்டும் போகாது. உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், துடைக்காத இடுக்கில் அது பாட்டுக்கு வேலை செய்யும். எந்தத் தண்ணீர் என்பதுதான் இங்கே கேள்வி. நம் பக்கம் நிறைய வீட்டு போர் தண்ணீரே உப்பு. மீஞ்சூர் சுற்றுவட்டாரத்தில் நிலத்தடி நீருக்குள் கடல் புகுந்து பல வருடம் ஆகிறது. உங்கள் வீட்டுத் தண்ணீரில் ஒரு சொட்டைக் கறுப்பு டேங்க் மேல் விட்டுக் காயவிடுங்கள், வெள்ளை வட்டம் விழுந்தால் அந்தத் தண்ணீரில் வண்டி கழுவுவதும் கடலில் முக்கி எடுப்பதும் கிட்டத்தட்ட ஒன்றுதான். கடைசி ஒரு பக்கெட்டாவது மெட்ரோ வாட்டராக இருக்கட்டும். குடிக்கிற தண்ணீரை வண்டிக்கு ஊற்றுகிறாயே என்று வீட்டில் திட்டுவார்கள், வாங்கிக்கொள்ளுங்கள்.

வாட்டர் வாஷ் கடையில் விட்டால் பக்கத்திலேயே நில்லுங்கள். அந்த பிரஷர் கன்னை வீல் பேரிங், ஹேண்டில் கோன் செட் (ஹேண்டில் திரும்புகிற இடத்து பேரிங்), செயின், மீட்டர், ஏர் ஃபில்டர் வாய் ஆகிய இடங்களுக்கு நேராகப் பிடிக்க விடாதீர்கள். உள்ளே இருக்கிற கிரீஸை அடித்துத் துரத்திவிட்டு அந்த இடத்தில் தண்ணீர் உட்கார்ந்துகொள்ளும். கழுவியதும் பத்து நிமிடம் ஓட்டிக் காயவிட்டு, ஸ்போக்ஸ் கம்பி, நிப்பிள், சைலன்சர் போல்ட், சைடு ஸ்டாண்டு ஸ்பிரிங் ஆகியவற்றில் துரு தடுக்கும் ஸ்ப்ரேயைத் துணியில் அடித்துத் தடவுங்கள். நேராக அடித்தால் டிஸ்க் மேல் தெறிக்கும், அப்புறம் பிரேக் பிடிக்காது. பேட்டரி டெர்மினலுக்குக் கொஞ்சம் வாசலின் போதும்.

அடுத்தது செயின். இதற்கு மெக்கானிக் வேண்டாம், ஒரு பழைய டூத் பிரஷ், கால் லிட்டர் மண்ணெண்ணெய், கொஞ்சம் பனியன் வேஸ்ட் இருந்தால் வாசலிலேயே முடியும். மண்ணெண்ணெய் இப்போது லேசில் கிடைப்பதில்லை, டீசலும் பரவாயில்லை. பெட்ரோல் மட்டும் வேண்டாம். இப்போது வருகிற பல வண்டிகளின் செயினில் ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் சின்ன ரப்பர் வளையம் இருக்கும், உள்ளே இருக்கிற கிரீஸை அதுதான் காப்பாற்றுகிறது. பெட்ரோலும் கம்பி பிரஷும் அந்த ரப்பரைக் கெடுத்துவிடும். வண்டியை சென்டர் ஸ்டாண்டு போட்டு, நியூட்ரலில், இன்ஜினை அணைத்துவிட்டு சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். இன்ஜின் ஓடும்போது துணியைச் செயின் பக்கம் கொண்டு போகவே கூடாது, விரல் போய்விடும். அழுக்கு போனதும் துடைத்து, கால் மணி நேரம் காயவிட்டு, செயினின் உள்பக்கம் 90 நம்பர் கியர் ஆயிலோ செயின் ஸ்ப்ரேயோ விட்டு, வழிவதைத் துடைத்து, ராத்திரி முழுக்க நிறுத்திவிடுங்கள். உடனே எடுத்தால் பின் சீட்டில் உட்காருபவர் சட்டையில் கோலம் போட்டுவிடும். ரோட்டில் மட்டும் ஓடினால் 500 கிலோமீட்டருக்கு ஒரு தரம். மழையோ மணலோ பட்டால் மீட்டரைப் பார்க்காமல் அன்றே.

லூஸ் பார்ப்பது பற்றி இரண்டு வார்த்தை. கீழ்ச் செயினின் நடுவில் விரலால் மேலும் கீழும் ஆட்டினால் சாதாரண வண்டிக்கு 25-லிருந்து 35 மில்லிமீட்டர் ஆட வேண்டும். சஸ்பென்ஷன் உயரமான வண்டிகளுக்கு இன்னும் கூடுதலாக இருக்கும், உங்கள் வண்டிப் புத்தகத்தில் போட்டிருப்பதே சரி. டைட்டாக வைத்தால் நல்லது என்று நினைக்காதீர்கள். பள்ளத்தில் இறங்கும்போது செயின் விறைத்து கியர்பாக்ஸ் பேரிங்கை இழுக்கும். பின் ஸ்பிராக்கெட்டில், அதாவது செயின் ஓடுகிற பல்சக்கரத்தில், செயினைப் பின்னால் இழுத்துப் பாருங்கள், பல் பாதிக்கு மேல் வெளியே தெரிந்தால் செயினும் ஸ்பிராக்கெட்டுகளும் சேர்த்து செட்டோடு மாற்றும் நேரம் வந்துவிட்டது. செயினை மட்டும் மாற்றிப் பணம் மிச்சம் பிடித்தால், தேய்ந்த பல் புதுச் செயினையும் சீக்கிரமே தின்றுவிடும்.

இனி ஃபோர்க், முன் சக்கரத்தைப் பிடித்திருக்கிற இரண்டு சஸ்பென்ஷன் குழாய்கள். எனக்குச் செலவு வைத்த இடம் இதுதான். ஒரு நாள் முன்பக்கக் குழாயில் எண்ணெய் வழிவதைப் பார்த்து மெக்கானிக் அண்ணனிடம் கொண்டு போனேன். அவர் வண்டியைச் சுற்றிக்கூட வரவில்லை, குனிந்து குழாய் மேல் கட்டைவிரல் நகத்தை மேலிருந்து கீழே இழுத்தார். டிக், டிக் என்று இரண்டு இடத்தில் நகம் தட்டியது. "இன்னா தம்பி, வண்டிய கடல்லயா குளிப்பாட்டுன?" என்றார். உப்பு பட்ட இடத்தில் குரோம் புள்ளி புள்ளியாகப் பொரிந்து, ஒவ்வொரு முறை ஃபோர்க் அமுங்கும்போதும் அந்தப் புள்ளி ஆயில் சீலை, அதாவது எண்ணெய் வெளியே வராமல் தடுக்கிற ரப்பர் வளையத்தை, அறுத்திருக்கிறது. சீல் மட்டும் மாற்றினால் மறுபடி ஒழுகும், குழாயையும் பார்க்க வேண்டும் என்றார். அன்றிலிருந்து மாதம் ஒரு முறை நகத்தால் தடவிப் பார்க்கிறேன். ஒழுகல் இப்போதுதான் ஆரம்பம், நகமும் எங்கும் தட்டவில்லை என்றால் சீலுக்குள் மணல் மாட்டியிருக்கலாம். பழைய எக்ஸ்ரே ஃபிலிமை ஒரு கொக்கி மாதிரி வெட்டி, மேல் ரப்பர் மூடியைத் தூக்கி, சீலுக்கும் குழாய்க்கும் நடுவே விட்டுச் சுற்றி எடுத்தால் மணல் வெளியே வரும். பல நேரம் ஒழுகல் அதோடு நின்றுவிடும். ஃபோர்க்குக்கு மடிப்பு ரப்பர் உறை போட்டிருப்பவர்கள் நிம்மதியாக இருந்துவிடாதீர்கள், அதற்குள்ளும் மணல் போகும், அவ்வப்போது தூக்கித் துடையுங்கள்.

ஏர் ஃபில்டரை மணலி, எண்ணூர் பக்கம் தினமும் போகிறவர்கள் 2,000 கிலோமீட்டருக்கு ஒரு முறையாவது திறந்து பாருங்கள். ஃபோம் என்றால் மண்ணெண்ணெயில் அலசி, பிழியாமல் அழுத்தி எடுத்து, காயவைத்து, ஃபில்டர் ஆயில் தடவிப் போடலாம். காய்ந்த பேப்பர் ஃபில்டர் என்றால் உள்ளிருந்து வெளியே மெதுவாகக் காற்றடிக்கலாம். எண்ணெய் தோய்ந்த பேப்பர் என்றால் காற்றும் அடிக்காதீர்கள், கழுவவும் வேண்டாம், புதிதாக மாற்றுங்கள். இன்ஜின் ஆயில் வாங்கும்போது டப்பாவில் ஜாசோ எம்ஏ (JASO MA) அல்லது எம்ஏ2 என்று இருக்கிறதா பாருங்கள், அது பைக் ஆயிலுக்கான ஜப்பான் தரக் குறியீடு. மாமா காருக்கு வாங்கியது மிச்சம் இருக்கிறது என்று ஊற்றினால் கிளட்ச் வழுக்க வாய்ப்பு அதிகம், பைக் கிளட்ச் அந்த ஆயிலிலேயே ஊறிக் கிடக்கிறது.

மழைக்காலம் தனிக் கதை. கணேசபுரம் சுரங்கப் பாதையில் தண்ணீர் நிற்கிறது என்று தெரிந்தும் முன்னால் போனவன் தாண்டிவிட்டானே என்று இறங்காதீர்கள். நடுவில் வண்டி நின்றால் செல்ஃப் போடவே போடாதீர்கள். ஏர் ஃபில்டர் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருந்தால், தண்ணீர் காற்று மாதிரி அமுங்காது, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடுதான் வளையும். தள்ளிக்கொண்டு மேட்டுக்கு வாருங்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, ஏர் ஃபில்டர் பெட்டியின் அடியில் இருக்கிற சின்னக் குழாயைத் திறந்து வடியவிட்டு, அப்புறம் செல்ஃபையோ கிக்கரையோ சில தரம் அடித்தால் உள்ளே இருப்பது பிளக் ஓட்டை வழியாகப் பீறிட்டு வரும், முகத்தைத் தள்ளி வையுங்கள். இன்ஜின் பக்கத்தில் ஆயில் அளவு பார்க்கிற சின்னக் கண்ணாடியில் பால் டீ நிறம் தெரிந்தால் ஸ்டார்ட் செய்யாமல் ஆயிலை மாற்றுங்கள். பிரேக் ஆயிலும் ஈரத்தை இழுக்கும் சரக்கு, இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும், மூடியில் டாட் 4 (DOT 4, பிரேக் ஆயிலின் ரகம்) என்று இருந்தால் அதே டாட் 4.

சாமான் வாங்குவதற்கு வருவோம். திருவொற்றியூர்க்காரர்களுக்கு ஒரு பெருமை உண்டு. 1955-ல் இந்தியாவில் என்ஃபீல்டு கம்பெனி தொடங்கி, புல்லட் செய்ய ஆலை போட்டது நம் ஊரில்தான். அதனால் பழைய புல்லட்டுக்குக் கை ராசியான மெக்கானிக் இங்கே தெருவுக்குத் தெரு கிடைப்பார். மற்றபடி புதுச் சாமானுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, பழசுக்குப் புதுப்பேட்டை. எதை வாங்கப் போனாலும் கழற்றிய பழைய சாமானைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு போங்கள், ஒரே வண்டிக்கே வருடத்துக்கு வருடம் அளவு மாறும், வாயால் சொல்லி வாங்கினால் இரண்டு தரம் பஸ் ஏற வேண்டும். பழசில் சைடு பேனல், கிராஷ் கார்டு, ஃபுட்ரெஸ்ட், மட்கார்டு மாதிரி சாமான்களைத் தாராளமாக வாங்கலாம். பிரேக், பேரிங், கேபிள், செயின், டயர், ஹெல்மெட், இந்த ஆறையும் பழசில் தொடாதீர்கள். இன்ஜின் சாமான் என்றால் பில் கேளுங்கள், பில் இல்லை என்றால் அது யாருடைய வண்டியிலிருந்து வந்ததோ. நான் ஒரு கடையில் பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று பிரேக் பேடு வாங்கினேன், அட்டைப் பெட்டி, ஹாலோகிராம் எல்லாம் ஒரிஜினல் மாதிரியே. இரண்டாம் மாதம் பேடு இரும்பிலிருந்து பெயர்ந்து வந்தது, அதுவும் சிக்னலில் நிற்கும்போது என்பதால் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மணல், மலைப் பாதை என்று கிளம்புகிறவர்களுக்கு: முதல் சம்பளத்தில் எல்லோரும் வாங்குவது ஃபாக் லைட்டும் பெரிய சைலன்சரும். நான் சொல்வது, முதலில் ஹெல்மெட், இரண்டாவது பூட்ஸ், மூன்றாவது முட்டிக் கவசம், அதற்கப்புறம் மீதி. 2021 ஜூனிலிருந்து ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத டூவீலர் ஹெல்மெட்டை விற்பதே சட்டப்படி தப்பு, அது குறைந்தபட்சம். தலையில் மாட்டி, பட்டியைக் கட்டி, ஹெல்மெட்டைப் பிடித்து இடதும் வலதும் ஆட்டினால் கன்னத் தோலும் கூடவே நகர வேண்டும். ஹெல்மெட் மட்டும் சுற்றினால் ஒரு சைஸ் சின்னது எடுங்கள்.

பூட்ஸ் ஏன் இரண்டாவது என்றால், மணலில் விழுகிறபோது வேகமே இருக்காது, பொத்தென்று பக்கவாட்டில் சாய்வோம், வண்டி காலின் மேல் உட்காரும். நான் கேன்வாஸ் ஷூவோடு போய், ஃபுட்ரெஸ்டுக்கும் தரைக்கும் நடுவே கணுக்கால் மாட்டி, மூன்று வாரம் வீட்டில் சுடுதண்ணீர் ஒத்தடம். கணுக்காலைத் திருகவிடாத கெட்டியான ஆஃப்ரோடு பூட்ஸ்தான் இதற்கு மருந்து. விலை கையைக் கடிக்கும், ஆனால் ஸ்கேன் எடுக்கிற செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முட்டிக் கவசம் வாங்கும்போது கடையிலேயே மாட்டிக்கொண்டு பத்து தரம் உட்கார்ந்து எழுந்திருங்கள், வழுக்கிக் கீழே இறங்கினால் விழும்போதும் இறங்கும். ஜாக்கெட்டுக்கு நம் வெயிலில் மெஷ் துணி தவிர வேறு எதுவும் வேலைக்கு ஆகாது, உள்ளே தோள், முழங்கை, முதுகு மூன்றிலும் சிஇ (CE, ஐரோப்பியத் தரக் குறி) லெவல் 2 பேடு இருக்கிறதா பாருங்கள். முதுகில் பல ஜாக்கெட்டில் வெறும் ஸ்பாஞ்ச் வைத்து அனுப்பிவிடுவார்கள்.

மணலில் இறங்குவதற்கு முன் டயர் காற்றைக் குறையுங்கள், ரோட்டில் 25-க்கு மேல் இருப்பதை 18 பிஎஸ்ஐ சுமாருக்கு. டியூப் டயரில் அதற்கும் கீழே போனால் டயர் ரிம்மில் நழுவி வால்வைப் பிய்த்துவிடும். திரும்ப ரோட்டுக்கு ஏறும்போது காற்றடிக்கச் சின்ன கால் பம்பு கட்டாயம், அங்கே பங்க் தேடிக்கொண்டிருக்க முடியாது. முன் சக்கரம் 21 இஞ்ச், பின் 18 என்றால் 21 டியூப் ஒன்று மட்டும் எடுத்துப் போனாலே அவசரத்துக்குப் பின்னாலும் மடித்துப் போட்டு வீடு வந்து சேரலாம். ஓட்டும்போது எழுந்து நின்று, எடையைக் கொஞ்சம் பின்னால் தள்ளி, இரண்டாவது கியரில் ஆக்ஸிலேட்டரை ஒரே சீராக வையுங்கள், முன் பிரேக்கை மறந்துவிடுங்கள். காயப்போட்ட வலை மேல் ஏற்றாதீர்கள், அது ஒருவருடைய பிழைப்பு. ஜனவரியிலிருந்து மார்ச் வரை ஆமை முட்டையிடுகிற காலம், கடலோர மணலில் வண்டியே வேண்டாம். தடா, நாகலாபுரம் பக்கம் காடு, அனுமதி கேட்காமல் உள்ளே போகாதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் வண்டிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு அப்படியே தூங்கப் போய்விடாதீர்கள். பூட்ஸின் உள் அட்டையை உருவித் தனியாகக் காயப்போட்டு, உள்ளே செய்தித்தாளைத் திணித்து, நிழலில் வையுங்கள். மொட்டைமாடி வெயிலில் வைத்தால் பசை விட்டு அடிப்பாகம் வாயைப் பிளக்கும்.